புள்ளி போடாத கடவுள்

பெறுபேறு வந்த நாளிலிருந்து எங்களை நாங்களே புள்ளியால்தான் அளக்கிறோம். இசட் புள்ளி எவ்வளவு, மாவட்ட நிலை எத்தனை? கம்பஸுக்கு வந்த பிறகும் அது விடுறதில்லை. 500 வருசத்துக்கு முன்னம் ஜேர்மனியில் ஒரு பெடியனும் இப்படித்தான் தன்னை அளந்துகொண்டிருந்தான். அவனுக்குப் புள்ளி போட்டவர் கடவுள். அப்படித்தான் அவன் நம்பினான்.

மார்ட்டின் லூதர் என்றதும் எங்களுக்கு ஞாபகம் வருவது 1517, 95 கூற்றுகள், திருச்சபையின் பிளவு. அதற்கெல்லாம் அடியில் ஒரு தனிமனிதனின் நிம்மதியின்மை இருந்தது.

1505 யூலை 2. எர்ஃபேர்ட் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பும் வழியில் இடி விழுகிறது. பயந்துபோன லூதர், உயிர் பிழைத்தால் துறவியாகிறேன் என்று புனித அன்னம்மாளுக்கு நேர்ந்துகொள்கிறார். வயது 21. தகப்பன் அவரைச் சட்டம் படிக்க விட்டிருந்தார். மனுசனுக்கு வந்த கோபத்தை எங்கட வீடுகளை வைத்தே ஊகிக்கலாம். அந்த மாதமே லூதர் அகுஸ்தினார் மடத்துக்குள் போய்விட்டார்.

மடத்திலும் அமைதி கிடைக்கவில்லை. உபவாசம், இரவு விழிப்பு, மணித்தியாலக் கணக்கில் பாவசங்கீர்த்தனம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேனா, ஏதும் விடுபட்டதா என்ற பயம் மட்டும் போகவே இல்லை. அவருடைய மேலாளர் ஸ்டௌபிட்ஸ், உன்னையே பார்த்துக்கொண்டிராமல் கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்று சொல்லிப் பார்த்தார். பிறகு அவரை விற்றன்பேர்க்கில் வேதாகமம் படிப்பிக்க வைத்தார். 1512இல் லூதர் கலாநிதியானார்.

அங்கேதான் முடிச்சு அவிழ்ந்தது. ரோமர் 1:17இல் வரும் 'கடவுளின் நீதி' என்ற சொல்லையே அவர் வெறுத்திருந்தார். அது தண்டிக்கும் நீதி என்று நினைத்திருந்தார். திரும்பத் திரும்ப வாசித்தபோது, அது கடவுள் இலவசமாய்த் தரும் நீதி, உழைத்துச் சம்பாதிப்பதல்ல என்று விளங்கியது. மறுபடி பிறந்தது போல இருந்ததாக 1545இல், இறப்பதற்கு முந்தைய ஆண்டில், எழுதினார். அது நடந்த ஆண்டு எது என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் உடன்படவில்லை.

இதில் எங்களைப் பிடித்து நிறுத்தும் விசயம் ஒன்று இருக்கிறது. மனிதன் ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியும் என்றார் லூதர். நல்லவனான பிறகு ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை, குறையோடேயே ஏற்றுக்கொள்ளப்படுகிறான். 'உன்னை நீயே நேசி' என்று இப்ப எல்லாரும் சொல்லுகினம். லூதரால் அது முடியவில்லை. இன்னொருவர் தன்னை ஏற்றுக்கொண்டார் என்று நம்பிய பிறகுதான் தன்னோடு இருக்க முடிந்தது.

ஆனால் கதையை இங்கே முடித்தால் அது வரலாறு இல்லை. 1527இல் அவரை மறுபடியும் கடும் மனச்சோர்வு பிடித்தது. 1525இல் கிளர்ந்த விவசாயிகளை அடக்கச் சொல்லிக் கொடூரமாய் எழுதினார். 1543இல் யூதர்களுக்கு எதிராக நஞ்சைக் கக்கினார். தனக்குக் கிடைத்த இரக்கத்தை அவர் மற்றவருக்குக் கொடுக்கவில்லை. உள்ளத்து அமைதி தன்பாட்டில் ஒருவரை நல்லவராக்கிவிடாது.

அதனால் அவரைப் புனிதராக்க நாங்கள் வரவில்லை. ஆனாலும், நம்புகிறவர்களோ இல்லையோ, அந்த மடத்து அறையில் தன் பாவங்களை எண்ணிக்கொண்டிருந்த பெடியனை எங்களுக்கு நல்லாத் தெரியும். அவன் கடைசியில் எண்ணுவதை நிறுத்தினான்.