செப்பாங்கில் பிறந்த கூச்சல்

ஜெயித்தவன் கோப்பையோடு மேடையில் நிற்கிறான். கீழே இருக்கிற கூட்டம் அவனைப் பார்த்து ஊளையிடுகிறது. பந்தய உலகத்துக்கு இந்தக் காட்சி புதிதில்லை. ஆனால் இந்தக் காலத்தில் கேட்ட இரண்டு பெரிய ஊளைகள் ஒரே இடத்தில் பிறந்தவை என்பதுதான் வேடிக்கை. கோலாலம்பூர் விமான நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் செப்பாங் பந்தயத் தடம் அது. கார் ஓட்டிய செபாஸ்டியன் வெட்டலுக்கான கூச்சல் அங்கே 2013-இல் பிறந்தது. மோட்டார் சைக்கிள் ஓட்டும் மார்க் மார்க்கெஸுக்கானது 2015-இல். இருவரும் பிறகு டெல்லிப் பக்கம் வந்து ஓட்டினார்கள். இங்கே அவர்களுக்குக் கிடைத்தது கைதட்டல்.

எங்கள் டெல்லி துவாரகாவில் எந்த ஓட்டுநரைப் பிடிக்காது என்று கேட்டால் சொசைட்டி வாட்ச்மேன் முதல் மேல்மாடி மாமி வரை ஒரே பதில்தான்: ராத்திரி பதினொரு மணிக்கு மேல், சைலன்சரை மாற்றிய புல்லட்டில் செக்டாரையே எழுப்பிக்கொண்டு போகிறவன். அவனைப் பிடிக்காமல் போவதற்குக் காரணம் தேட வேண்டாம். உலகத்தின் மிகச் சிறந்த ஓட்டக்காரர் ஒருவரை, அவர் நன்றாக ஓட்டி ஜெயித்த நாளில், ஆயிரக்கணக்கானவர்கள் வெறுப்பதற்குத்தான் ஒரு கதை வேண்டியிருக்கிறது.

வெட்டல் மேல் தமிழர்களுக்கு வந்த கோபம் மற்றவர்களுடையதைவிட ஒரு வயது மூத்தது. 2012 மார்ச் 25, இதே செப்பாங். அன்று நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஹெச்.ஆர்.டி. என்ற நோஞ்சான் காரை ஓட்டினார். மழை வரும் என்று கணித்துச் சரியான டயரோடு கிளம்பியதால், பந்தயத்தை நடுவில் நிறுத்தியபோது அந்தக் கார் பத்தாவது இடத்தில் இருந்தது. அது அந்தக் காருக்குக் கனவு போன்ற இடம். பிற்பாடு, ஒரு சுற்று முன்னால் இருந்த வெட்டல் நரேனைக் கடந்து போகையில் இரண்டு கார்களும் உரசின. வெட்டலின் டயர் கிழிந்தது. நான்காவதாக வந்துகொண்டிருந்தவர் பதினொன்றாவதாக முடித்தார். ஒரு புள்ளிகூட இல்லை. இறங்கியதும் நரேனை முட்டாள் என்றார். சாலையில் போகிறபோது குறுக்கே வருகிற வெள்ளரிக்காய்களைப் போல என்றும் சொன்னார். நடுவர்கள் தண்டித்தது நரேனைத்தான், 20 விநாடி. நரேனும் சும்மா இருக்கவில்லை. உலக சாம்பியன் அழுமூஞ்சியாக இருக்கிறாரே என்று திருப்பிக் கொடுத்தார். தவறு யாருடையது என்று இன்னமும் வாதாடலாம். ஆனால் உலக சாம்பியன் நம் ஊர்க்காரனை வெள்ளரிக்காய் என்று சொன்னது பலருக்குச் சுருக்கென்று தைத்தது.

உலகத்துக்கான கூச்சல் பிறந்தது அடுத்த வருடம், 2013 மார்ச் 24.

ரெட் புல் அணியில் இரண்டு கார்கள். 1-ஆம் எண் வெட்டலுடையது: ஜெர்மானியர், வயது 25, அதற்குள் மூன்று முறை உலக சாம்பியன். 2-ஆம் எண் ஆஸ்திரேலியர் மார்க் வெப்பருடையது, வயது 36. இருவருக்கும் பழைய கணக்கு நிறைய. 2010-இல் இஸ்தான்புல்லில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு கையிலிருந்த வெற்றியை வேறு அணிக்குத் தாரை வார்த்தார்கள். அதே வருடம் சில்வர்ஸ்டோனில் புது மாதிரி முன் இறக்கை ஒன்றுதான் மிச்சம் இருந்தது. வெப்பரின் காரிலிருந்து அதைக் கழற்றி வெட்டலின் காரில் மாட்டினார்கள். வெப்பர் பழைய இறக்கையோடு ஓட்டி அந்தப் பந்தயத்தை ஜெயித்தார். இரண்டாம் நம்பர் டிரைவருக்கு இது மோசமில்லை என்று ரேடியோவிலேயே குத்திக்காட்டினார். வெப்பரும் அப்பாவி இல்லை. 2011-இல் அதே சில்வர்ஸ்டோனில், வெட்டலைத் தாண்டாதே என்று அணி சொல்லியும் கேட்காமல் முட்டிப் பார்த்தவர்தான். 2012-இன் கடைசிப் பந்தயத்தில், சாம்பியன் பட்டத்துக்குப் போராடிக்கொண்டிருந்த வெட்டலைத் தொடக்கத்திலேயே ஓரமாக நெருக்கியவரும் அவர்தான்.

அன்று செப்பாங்கில் 56 சுற்றுகள். கடைசி டயர் மாற்றம் முடிந்ததும் வெப்பர் முதலில், வெட்டல் அடுத்து. அந்த வெயிலில் டயர் தாங்காது என்பது அணியின் கவலை. 'மல்டி 21' என்று இருவருக்கும் சொன்னார்கள். 2-ஆம் எண் முன்னால், 1-ஆம் எண் பின்னால், அப்படியே கோட்டைத் தாண்டுங்கள் என்பதற்கான குறிச்சொல் அது. வெப்பர் நம்பி என்ஜினின் திறனைக் குறைத்துக்கொண்டார். வெட்டல் குறைக்கவில்லை. 46-ஆவது சுற்றில் பக்கத்தில் பக்கமாக, ஒரு கட்டத்தில் பிட் சுவரை ஒட்டி இடைவெளியே இல்லாமல், அடுத்தடுத்த வளைவுகளில் மல்லுக்கட்டி வெட்டல் முன்னால் போய்விட்டார். அணித் தலைவர் கிறிஸ்டியன் ஹார்னர் ரேடியோவில், இது அசட்டுத்தனம் என்று கண்டித்தும் நடந்தது நடந்துவிட்டது.

மேடைக்குப் போகும் முன் முதல் மூவரும் முகம் துடைத்துத் தண்ணீர் குடிக்க ஓர் அறை உண்டு. அங்கேயும் கேமரா இருக்கும். வெப்பர் கத்தவில்லை, சட்டையைப் பிடிக்கவில்லை. “மல்டி 21, செப், மல்டி 21” என்றார். அவ்வளவுதான். அதை உலகமே பார்த்தது. அணிக்குள் மட்டும் புழங்கவேண்டிய ஒரு குறிச்சொல் அன்று மாலையே எல்லார் வாயிலும் வந்துவிட்டது. எனக்கென்னவோ, வெப்பர் அங்கே எதையாவது தூக்கி எறிந்திருந்தால் இந்தக் கூச்சல் பிறந்திருக்காது என்று தோன்றுகிறது. இரண்டு பேருமே கோபக்காரர்கள் என்று விட்டிருப்பார்கள்.

இன்னொரு துரதிர்ஷ்டமும் வெட்டலுக்கு. அன்றைக்கே மெர்சிடிஸ் அணியிலும் இதே மாதிரி உத்தரவு: பின்னால் வேகமாக வந்துகொண்டிருந்த நிகோ ரோஸ்பெர்க்கிடம், லூயிஸ் ஹாமில்டனைத் தாண்டாதே என்றார்கள். ரோஸ்பெர்க் முணுமுணுத்துக்கொண்டே கட்டுப்பட்டு நான்காவதாக வந்தார். மூன்றாவதாக வந்த ஹாமில்டன், இந்த இடம் நிகோவுடையது என்று மேடையிலேயே சொன்னார். சொன்ன சொல் கேட்ட பிள்ளையும் கேட்காத பிள்ளையும் ஒரே நாளில் ஊருக்கு முன்னால் நின்றது போல் ஆயிற்று. வெட்டல் முதலில் மன்னிப்புக் கேட்டார். மூன்று வாரம் கழித்துச் சீனாவில், மறுபடி அதே நிலை வந்தால் அதையேதான் செய்வேன் போலிருக்கிறது, வெப்பர் அந்த வெற்றிக்குத் தகுதியானவர் இல்லை என்றார். கேட்ட மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டவரைக் கூட்டம் விடுமா? மாண்ட்ரியாலில் ஊளை. சில்வர்ஸ்டோனில் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தபோது அவருடைய கியர்பாக்ஸ் பழுதாகி நிற்க, அரங்கமே ஆரவாரம் செய்தது. மான்ஸாவில் ஊளை, சிங்கப்பூரில் ஊளை.

இதில் ஒரு முரண் இருக்கிறது. அணி உத்தரவு என்றாலே ரசிகர்களுக்கு ஆகாது. 2002 மே மாதம் ஆஸ்திரியாவில், முதலாவதாக வந்துகொண்டிருந்த ரூபன்ஸ் பாரிச்செல்லோ, ஃபெராரி சொன்னபடி கடைசி நேரத்தில் வேகத்தைக் குறைத்து மைக்கேல் ஷூமாக்கருக்கு வழிவிட்டார். கூட்டம் ஊளையிட்ட ஊளையில் ஷூமாக்கர் கூசிப்போய், பாரிச்செல்லோவை உச்சிப் படியில் ஏற்றிவிட்டார். மேடை முறையை மீறியதற்காக ஃபெராரிக்கு 10 லட்சம் டாலர் அபராதம். அணி உத்தரவே கூடாது என்று அடுத்த வருடம் தடை வந்து, 2010 முடியும்வரை இருந்தது. அப்படிப்பட்ட உத்தரவை ஒருவர் மீறினால் ரசிகர்கள் அவரைத் தோளில் தூக்கியிருக்க வேண்டும். நடந்தது வேறு. உத்தரவுக்குப் பணிந்து கிடைத்த வெற்றிக்கும் ஊளை, உத்தரவை மீறிக் கிடைத்த வெற்றிக்கும் ஊளை. விதியைப் பற்றிக் கூட்டத்துக்குக் கவலையில்லை. பக்கத்தில் வெறுங்கையோடு நிற்கிறவன் யார் என்றுதான் அது பார்க்கிறது.

2013 அக்டோபர் 27. கிரேட்டர் நொய்டா, புத் பந்தயத் தடம். செப்பாங்கை வடிவமைத்த ஹெர்மன் டில்கேதான் இதையும் வடிவமைத்தார். 2011-இல் முதல் பந்தயத்தின் முதல் பயிற்சி ஓட்டத்திலேயே தெருநாய் ஒன்று தடத்துக்குள் ஓடிவந்து எல்லாரையும் நிறுத்தி வைத்த இடம். துவாரகாவிலிருந்து போவதென்றால் அப்போது நீல வழித்தடத்து மெட்ரோவில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை உட்கார வேண்டும். கிளம்புகிற நிலையத்தின் பெயர் செக்டார் 21. வெப்பர் ரசிகர்களுக்கு அதற்கு மேல் ஒரு பொருத்தம் வேண்டுமா! யமுனையைத் தாண்டி நொய்டா சிட்டி சென்டரில் ரயில் முடிந்துவிடும். மிச்ச தூரத்துக்கு எக்ஸ்பிரஸ்வேயில் பஸ்ஸோ காரோ.

வெட்டல் அன்று ஜெயித்தார். இங்கே நடந்த மூன்று பந்தயங்களையும் அவரே ஜெயித்தார். நான்காவது உலகப் பட்டமும் அன்றே உறுதியாயிற்று. நேராகப் பரிசோதனை இடத்துக்குக் கொண்டுபோக வேண்டிய காரை முதன்மை அரங்கின் முன் நிறுத்தி, டயர் புகையப் புகைய வட்டம் சுழற்றினார். இறங்கிக் காருக்கு முன்னால் மண்டியிட்டு வணங்கினார். வேலியில் ஏறிக் கூட்டத்தை நோக்கிக் கையுறைகளை வீசினார். அணிக்கு 25,000 யூரோ அபராதம், அவருக்குக் கண்டனம். டெல்லிக் கூட்டம் ஆர்ப்பரித்தது. அன்றுதான் அவர் மனம்விட்டுப் பேசினார். தப்புச் செய்யாதபோதும் ஊளை வாங்குவது கஷ்டமாக இருந்தது என்றார். வெப்பரின் கார் அன்று பாதியிலேயே நின்றுபோனது.

டெல்லிக்காரர்கள் பெருந்தன்மையானவர்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கிரிக்கெட் மைதானத்தில் அவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஊளையிட ஒரு முன்கதை வேண்டும். தோற்றவன் நம்மவனாக இருக்க வேண்டும். வெப்பர் இங்கே யாருக்கும் சொந்தம் இல்லை.

தோற்றவன் சொந்தக்காரனாக இருந்தால் எப்படி இருக்கும் என்பதை அடுத்த கூச்சல் காட்டியது. 2015 அக்டோபர், மீண்டும் செப்பாங். மோட்டோ ஜிபி பட்டத்துக்கு இத்தாலியின் வாலன்டினோ ரோஸியும் ஸ்பெயினின் ஹோர்ஹே லொரென்ஸோவும் போட்டி. ரோஸிக்கு 36 வயது, அதுதான் கடைசி வாய்ப்பு போலத் தெரிந்தது. வியாழக்கிழமை பத்திரிகையாளர் சந்திப்பில், முந்தைய பந்தயத்தில் மார்க்கெஸ் வேண்டுமென்றே லொரென்ஸோவுக்கு உதவினார் என்று ரோஸி பகிரங்கமாகச் சொன்னார். ஞாயிறன்று இருவரும் மாறி மாறி முந்திக்கொண்டு விளையாட, ஏழாவது சுற்றில் ஒரு வளைவில் ரோஸி வேகத்தைத் தணித்து மார்க்கெஸை வெளியோரமாக ஒதுக்கினார். வண்டிகள் உரசின. மார்க்கெஸ் விழுந்தார். ரோஸி காலால் உதைத்தார் என்றது மார்க்கெஸின் ஹோண்டா அணி. நடுவர்கள் அதை ஏற்கவில்லை. ஆனால் வேண்டுமென்றே மார்க்கெஸை ஓரம் தள்ளியதால் மோதல் உண்டானதாகத் தண்டனை கொடுத்தார்கள். கடைசிப் பந்தயமான வலென்சியாவில் ரோஸி எல்லாருக்கும் பின்னாலிருந்து கிளம்ப வேண்டியதாயிற்று. நான்காவது இடம்வரை வந்தார். லொரென்ஸோ ஜெயிக்க, மார்க்கெஸ் அவர் வாலைப் பிடித்தபடியே வந்து கடைசிவரை தாண்டாமல் இரண்டாவதாக முடித்தார். பட்டம் 5 புள்ளியில் போயிற்று. தண்டனை பெற்றவர் ரோஸி. ஊளை வாங்கியவர் மார்க்கெஸ்.

மார்க்கெஸ் 2023 செப்டம்பரில் புத் தடத்துக்கு வந்தார். மோட்டோ ஜிபி இந்தியாவுக்கு வந்தது அதுவே முதல் தடவை. விசா தாமதத்தில் வீரர்கள் பலர் பரிதவித்ததும், வெயில் தாங்காமல் 24 சுற்றை 21 ஆகக் குறைத்ததும் தனிக்கதை. சனிக்கிழமைக் குறும்பந்தயத்தில் மார்க்கெஸ் மூன்றாவது. ஞாயிறன்று விழுந்து எழுந்து ஒன்பதாவது. ஜெயித்தவர் மார்கோ பெஸெக்கி, ரோஸியின் சொந்த அணிக்காரர்.

வெட்டலின் கூச்சல் ரொம்ப நாள் வாழவில்லை. 2015-இல் ஃபெராரிக்குப் போனார். அந்தச் சிவப்புக் காரில் முதல் வெற்றியும் செப்பாங்கிலேயே கிடைத்தது, மார்ச் 29 அன்று. ஊளையிட்ட மான்ஸா அந்த வருடமே அவரைக் கொண்டாடியது. 2025-இல் மார்க்கெஸும் இத்தாலியின் சிவப்பு வண்டிக்கு, டுகாட்டியின் சொந்த அணிக்கு, மாறிவிட்டார். செப்டம்பரில் மிசானோவில் ஜெயித்தார். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் டவுலியா, ரோஸியின் ஊர். சொந்த நாட்டு வண்டி முதலாவதாக வந்தும் ரோஸியின் மஞ்சள் சட்டை ரசிகர்கள் ஊளையிட்டார்கள். மார்க்கெஸ் வண்டியை நிறுத்தி, தன் தோல் அங்கியைக் கழற்றி, முதுகிலிருக்கும் பெயர் தெரியும்படி அவர்களுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார்.