இரண்டாவது மேசை: அரவிந்த் கண் மருத்துவமனையும் லீன் வாசிப்பும்

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை லீன் மேலாண்மையின் முன்மாதிரியாகக் காட்டுவது மேலாண்மை ஆய்வுகளில் வழக்கமாகிவிட்டது. 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய நிறுவனத்தில் இன்று ஓர் அறுவை மருத்துவர் ஆண்டுக்குச் சுமார் 2,000 கண்புரை அறுவைகள் செய்கிறார். விரயத்தை ஒழித்ததால்தான் இது கைகூடியது என்பது அவ்வாய்வுகளின் விளக்கம். அவ்விளக்கம் தன் முதன்மைச் சான்றைத் தலைகீழாக வாசிக்கிறது என்பதே என் வாதம்.

அந்தச் சான்று அறுவை அரங்கின் அமைப்பு. மருத்துவர் ஒருவருக்கு மேசைகள் இரண்டு. ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றொன்றில் அடுத்த நோயாளி மரப்பு ஊசி போடப்பட்டு, கண் துடைக்கப்பட்டு, துணி போர்த்தப்பட்டுத் தயாராகப் படுத்திருப்பார். மருத்துவர் முதல் கண்ணை முடித்ததும் நுண்ணோக்கியை அடுத்த மேசைக்குத் திருப்பிக்கொள்கிறார். தையலில்லாச் சிறுதுளை அறுவை சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஒரே மேசை என்றால், அறுவைக்கு ஆகும் நேரத்தைவிட ஆயத்தத்துக்கு ஆகும் நேரம் மிகுந்துவிடக்கூடும். இந்த இரட்டை மேசை அமைப்பை லீன் ஆய்வாளர்கள் காத்திருப்பு அகற்றப்பட்ட ஓட்டம் என்கிறார்கள். யாருடைய காத்திருப்பு என்று அவர்கள் கேட்கவில்லை.

லீனுக்கு மூலமான டொயோட்டா முறையில் டாயிச்சி ஓனோ வகுத்த ஏழு விரயங்களில் காத்திருப்பும் உண்டு, இருப்புத் தேக்கமும் உண்டு. லீனை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர்கள் நோயாளியின் காத்திருப்பையும் அதில் சேர்த்தார்கள். அந்த அளவுகோலை இந்த அரங்கின்மேல் நேர்மையாக வைத்துப் பார்க்கலாம். இரண்டாம் மேசையில் படுத்திருக்கும் நோயாளி காத்திருக்கிறார். அம்மேசையின் கருவித் தொகுப்பு பயனின்றி இருக்கிறது. அங்கே நிற்கும் சிஸ்டரின் நிமிடங்களில் ஒரு பகுதியும் காத்திருப்பே. காத்திராதவர் மருத்துவர் ஒருவர்தான். ஆக, அரங்கில் காத்திருப்பு ஒழியவில்லை. விலைமிக்க நேரத்திலிருந்து விலைகுறைந்த நேரத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது. இரண்டாவது மேசை என்பது வேண்டுமென்றே வைத்த உபரி.

டொயோட்டா முறையும் வேலை நடுவே ஓரளவு இருப்பை அனுமதிக்கிறதே என்று ஒரு மறுப்பு எழலாம். அனுமதிக்கிறது, ஆனால் அதைக் குறைத்துக்கொண்டே போவதைத் திறமையின் அடையாளமாகக் கருதுகிறது. இங்கே உபரியை நீக்கினால் அமைப்பே சரியும். பெயர் எதுவானால் என்ன என்ற இன்னொரு மறுப்புக்கு நீண்ட பதில் தேவையில்லை: பெயரை நம்பித்தான் பிற மருத்துவமனைகள் ஆட்குறைப்பில் இறங்குகின்றன.

நிறுவனர் கோவிந்தப்ப வெங்கடசாமி மெக்டொனால்டு உணவகங்களை வியந்து பேசியதையும் லீன் வாசிப்பு சான்றாக்குகிறது. அவர் வியந்தது வேகத்தை அன்று. எந்த ஊரில் யாரைப் பழக்கினாலும் ஒரே தரம் வரச் செய்யும் பயிற்சியையே அவர் வியந்தார். அந்த வியப்பு மதுரையில் எடுத்த உருவம், கிராமங்களிலிருந்து பள்ளிப்படிப்பு முடித்து வந்து இரண்டாண்டு பயிற்சி பெறும் சிஸ்டர்கள். இவர்கள் எண்ணிக்கையில் தாராளமாக இருப்பதால்தான் இரண்டாவது மேசை இயங்குகிறது. 1992-இல் தொடங்கிய அரவிந்தின் லென்ஸ் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப், உள்விழி லென்ஸின் விலையை வெகுவாகக் குறைத்ததும் இதே தர்க்கம்: தட்டுப்பாடானதைக் கண்டுபிடித்து, அதைச் சுற்றி மற்றவற்றைத் தாராளமாக்குவது.

தரம் குறித்தும் எச்சரிக்கை தேவை. ஒரே அரங்கில் பலருக்கு அறுவை என்றால் தொற்று பெருகும் என்ற அச்சம் பழையது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட அரவிந்த் அறுவைகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வு, அறுவை முடிவில் கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்சசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியைச் செலுத்தத் தொடங்கியபின் உள்விழித் தொற்று 0.07 விழுக்காட்டிலிருந்து 0.02 விழுக்காடாகக் குறைந்ததைக் காட்டியது. அச்சத்துக்கு இது போதுமான விடை. ஆனால் இந்த மேம்பாடு ஓட்டத்திலிருந்து வந்ததன்று. ஒரு மருந்தும், ஒவ்வொரு கண்ணின் விளைவையும் பதிந்துவைக்கும் பழக்கமும் தந்தது. செயல்முறையைச் சீர்ப்படுத்து, அள என்னும் பகுதியில் லீன் வாசிப்பு சரியானதே என ஒப்புக்கொள்கிறேன்.

இவ்வாதம் கண்புரைபோல முன்கூட்டித் திட்டமிடக்கூடிய, ஒரே மாதிரியான அறுவைகளுக்கே முழுதாகப் பொருந்தும். ஆயினும் திட்டமிட இயலாத அவசரப் பிரிவுகளில் உபரியின் தேவை கூடுமே தவிரக் குறையாது: படுக்கைகள் நிரம்ப நிரம்ப, காத்திருப்பு நேரம் சீராக ஏறுவதில்லை, திடீரென எகிறுகிறது. எனவே லீன் திட்டம் தொடங்கும் மருத்துவமனை முதலில் செய்ய வேண்டியது விரயப் பட்டியல் அன்று. எந்தக் கையின் நேரம் தட்டுப்பாடானது என்று முடிவுசெய்து, அதன் ஓய்வு நிமிடங்களையும் மற்றவர்களின் ஓய்வு நிமிடங்களையும் தனித்தனியே அளக்க வேண்டும். இரண்டையும் ஒரே தலைப்பில் கூட்டிவிடும் கணக்கில், முதலில் வெட்டப்படுவது அந்தச் சிஸ்டரின் பணியிடமாகவே இருக்கும்.