'செக்கோலா'வும் 'பள்ளி'யும்: ஒரு சொல்வரலாற்று நோக்கு

கிள்ளானில் உள்ள சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளியின் மலாய்ப் பெயர் 'செக்கோலா ஜெனிஸ் கெபாங்சாஆன் (தமிழ்) சிம்பாங் லீமா' என்பதாகும். நாட்டின் ஏனைய தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களும் இவ்வாறே தொடங்குகின்றன. நாள்தோறும் கண்ணிற்படும் இத்தொடரின் முதற்சொல் ஐரோப்பாவிலிருந்து வந்ததென்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை.

கிரேக்கத்தில் 'ஸ்கோலே' என்பது ஓய்வு எனப் பொருள்படும். வயிற்றுப்பாட்டுக்கு உழைக்க வேண்டாத பொழுதே கற்றற்குரிய பொழுது எனக் கருதப்பட்டமையால், அச்சொல் கற்குமிடத்துக்கு ஆயிற்று. இலத்தீன் அதனை 'ஸ்கோலா' என ஏற்றது. அங்கிருந்து இத்தாலியத்தில் 'ஸ்குவோலா', செருமானியத்தில் 'ஷூலே', ஆங்கிலத்தில் 'ஸ்கூல்' எனப் பரவியது. மேற்கு ஐரோப்பாவின் பேச்சு இலத்தீனோ மொழிமுதலில் வரும் 'ஸ்க' எனும் மெய்ம்மயக்கத்தை ஒலிக்க இடர்ப்பட்டு, முன்னே ஓர் உயிரைச் சேர்த்துக்கொண்டது. இசுபானிய 'எஸ்குவேலா', போர்த்துக்கீசிய 'எஸ்கோலா' ஆகியன அவ்வாறு தோன்றியவை. பிரெஞ்சு மொழி பின்னர் 'ஸ்' ஒலியையும் இழந்து 'எகோல்' என்றாயிற்று. நம் முதியோர் 'இஸ்கூல்' என்பதும் இதே ஒலித்தேவையால்தான். அதனைக் கொச்சை என நகைப்பவர், இசுபானியர் அனைவரையும் உடன் நகைத்தல் வேண்டும்!

1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். அவர்தம் 'எஸ்கோலா' மலாயில் 'செக்கோலா' ஆயிற்று. மலாய்மொழி முன்னுயிரை நீக்கி, மெய்களுக்கிடையே உயிரொன்றைப் புகுத்திக்கொண்டது. சிங்களத்திலும் இது 'இஸ்கோலய' என வழங்குகின்றது.

தமிழரும் போர்த்துக்கீசியரோடு பழகியவரே. 'மேசா' என்பது நமக்கு மேசை, மலாய்க்காரருக்கு 'மேஜா'. 'ஜனேலா' நமக்குச் சன்னல், அவர்களுக்கு 'ஜெண்டேலா'. அலமாரி இருமொழிக்கும் பொது. இத்தனை தளவாடங்களை ஏற்ற தமிழ், 'எஸ்கோலா'வை மட்டும் ஏற்கவில்லை. பள்ளி எனும் சொல் முன்னரே வேரூன்றியிருந்ததே காரணம் எனலாம். மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளத்துத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் இச்சொல் சமணத் துறவியரின் உறைவிடத்தைக் குறிக்கின்றது. படுக்கை, உறக்கம் எனும் பொருள்களும் இதற்குண்டு. துறவியர் தங்கிய இடமே கற்பிக்கும் இடமுமாயிற்று. பள்ளிவாசல் என்பதில் வழிபாட்டிடப் பொருளும் நிலைத்துள்ளது. ஓய்விலிருந்து கிரேக்கச் சொல்லும், கிடக்கையிலிருந்து தமிழ்ச்சொல்லும் கல்விக்கு வந்தமை இனிய ஒப்புமையே. அதனை உறவாகக் கொள்ளுதல் பிழை.

மலாயாத் தோட்டங்களில் அமைந்தவையும் 'பள்ளி'களே. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் குறைந்தது 10 பேர் இருந்த தோட்டங்களில் பள்ளி அமைக்க வழிசெய்தது. ஓய்வு என்பதே அறியாத பால்வெட்டுத் தொழிலாளரின் பிள்ளைகள் அங்குப் படித்தனர்.

பெயர்ப்பலகையின் எஞ்சிய சொற்களுள் 'கெபாங்சாஆன்' என்பதன் வேர் 'பங்சா'. அது வடமொழி 'வம்ச' என்பதன் திரிபு. 'ஜெனிஸ்' என்பது அரபு 'ஜின்ஸ்' வழி வந்தது. அவ்வரபுச் சொல்லுக்கும் மூலம் கிரேக்க 'கெனோஸ்' என்பர். ஆகவே 'செக்கோலா'வும் 'ஜெனிஸ்'ஸும் ஒரே மொழியிற் பிறந்து, ஒன்று இலிசுபன் வழியாகவும் மற்றொன்று அரபுலகின் வழியாகவும் வந்து கிள்ளானில் அடுத்தடுத்து நிற்கின்றன.

இவ்விரண்டாம் சொல்லே நமக்கு எடைமிக்கது. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தேசியப் பள்ளி, தேசிய வகைப் பள்ளி எனும் பகுப்பை நிலைப்படுத்தியது. 1996ஆம் ஆண்டுச் சட்டமும் அதனைத் தொடர்ந்தது. 'ஜெனிஸ்' எனும் 'வகை' இல்லாத பள்ளியில் தேசியமொழி பயிற்றுமொழி. அச்சொல் உள்ள பள்ளியில் தமிழோ சீனமோ பயிற்றுமொழி. நிலம், கட்டடம், மானியம் பற்றிய வாதங்கள் பலவும் இவ்வொரு சொல்லைச் சுற்றியே எழுந்தன. பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவில் பிள்ளையை அழைத்துச் செல்லும் தாயோ 'ஸ்கூல்' என்றுதான் சொல்கிறார். விண்ணப்பப் படிவத்தில்தான் அவர் 'ஜெனிஸ்' என்பதைச் சந்திக்கிறார்.