தோல் உள்ளே, ஆள் வெளியே!

சிதம்பரம் கோயிலில் பூஜை நேரத்தில் நின்றிருக்கிறீர்களா? மணியும் மேளமும் சேர்ந்து அதிரும்போது உடம்பு சிலிர்க்கும். அந்த நேரத்தில் யாருக்குமே ஞாபகம் வராத ஒரு ஆள் உண்டு. மேளத்துக்குத் தோல் கொடுத்தவர்!

நந்தனார் கதை எல்லோருக்கும் தெரியும். அவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால், ‘பண்ணையார்கிட்டே கூலி வேலை’ என்போம். 19-ம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் எழுதிய கீர்த்தனைகள் நம் மனசில் பதித்த சித்திரம் அது. 12-ம் நூற்றாண்டின் பெரியபுராணத்தில் அந்தப் பண்ணையாரே கிடையாது! கொள்ளிடக்கரை ஆதனூரில் இருந்த நந்தனார், கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுத்தார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தார். பூஜைக்குக் கோரோசனை கொடுத்தார். சேக்கிழார் இதையெல்லாம் பெருமையாகவே பட்டியல் போடுகிறார்.

நான் காமர்ஸ் படித்தவன். வரவு செலவு பார்க்காமல் இருக்க முடியாது. தோல் உள்ளே போயிற்று. நரம்பு உள்ளே போயிற்று. கொடுத்த ஆள் மட்டும் வாசலில்! இந்தக் கணக்கு எப்படி டேலி ஆகும்? தில்லைக்குள் நுழைய அவர் தீயில் மூழ்க வேண்டியிருந்தது. பூணூலோடு முனிவராக எழுந்தார் என்கிறது புராணம். அதாவது, தோல் கொடுத்த அந்த உடம்போடு கடைசி வரை உள்ளே போக முடியவில்லை.

இதே கடலூர் மாவட்டத்தில், பண்ருட்டிப் பக்கம் திருவாமூரில் பிறந்தவர் அப்பர். 7-ம் நூற்றாண்டு. அவர் சிலையைக் கவனியுங்கள்... கையில் ஏடு இருக்காது, உழவாரம் இருக்கும். புல் செதுக்கும் கருவி! பெரும் புலவர், கோயில் கோயிலாகப் போய்ப் புல் செதுக்கினார். திருப்பூந்துருத்தியில், தன்னைவிட வயதில் மிகச் சிறியவரான சம்பந்தரின் பல்லக்கை, ஆட்களோடு ஆளாகத் தோளில் சுமந்தார். விஷயம் தெரிந்ததும் சம்பந்தர் பதறிப்போய்க் கீழே இறங்கி வணங்கினாராம்.

ரெண்டுமே உடம்பு வளைந்து செய்கிற வேலைதான். ஏன் ஒருவருக்குக் கும்பிடு, இன்னொருவருக்கு நெருப்பு? அப்பர் உழவாரத்தை விரும்பி எடுத்தார். நந்தனாருக்கோ வேலை பிறப்போடு ஒட்டி வந்தது. மேலே இருப்பவர் குனிந்தால் பணிவு. கீழே வைக்கப்பட்டவர் குனிந்தால் ‘அது அவன் வேலை’! நம் மரியாதை வேலைக்கு இல்லை, ஆளின் பிறப்புக்குத்தான் என்பது அப்பட்டமாகத் தெரிகிறது இல்லையா?

இதைப் புரிந்துகொண்டவர் சுவாமி சகஜானந்தர். ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்த துறவி. 1916-ல் அதே சிதம்பரத்தில், நந்தனார் பெயரிலேயே பள்ளி தொடங்கினார். தலித் பிள்ளைகளுக்கு நெருப்பு வேண்டாம், சிலேட்டு வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம். பிற்பாடு சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்து, 1959-ல் மறைந்தார். இதற்கிடையில், கோயில் நுழைவை உரிமையாக்கிய சென்னை மாகாணச் சட்டம் 1947-ல் வந்தது. கதவு திறக்கச் சட்டம் போதும். மனசு திறக்க?

ஞாயிற்றுக்கிழமை ‘உழவாரப் பணி’ என்று கோயிலில் புல் செதுக்கப் போகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. நல்ல காரியம். திங்கட்கிழமை காலை நம் தெருவைக் கூட்ட வருகிறவரை ‘வாங்க’ என்று கூப்பிட்டால், அது இன்னும் நல்ல காரியம்!