கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்: நோய் உறுதியான பின் வாழ்வும், எச்பிவி குறித்த உண்மைகளும்

புதுதில்லி: இந்தியப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக அதிகம் கண்டறியப்படுவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் ஏறத்தாழ 1.27 லட்சம் பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் உயிரிழந்தனர்.

பெருமளவு தடுக்கக்கூடியதும், தொடக்க நிலையில் கண்டறிந்தால் குணப்படுத்தக்கூடியதுமான ஒரு நோய்க்கு இத்தனை உயிர்கள் பலியாவதற்குத் தாமதமே முதன்மைக் காரணம். அத்தாமதத்துக்குப் பின்னால் அறியாமையும், கூச்சமும், ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சமும் உள்ளன. நோய் உறுதியான பெண்ணும் அவருடைய குடும்பத்தாரும் அறிந்துகொள்ள வேண்டியவற்றை இத்தொகுப்பு விளக்குகிறது.

எச்பிவி என்றால் என்ன?

கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி பிறப்புறுப்புக் குழாயுடன் இணையும் குறுகலான இடமே கர்ப்பப்பை வாய். இங்கு உண்டாகும் புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு மனித பாப்பிலோமா வைரஸ் எனப்படும் எச்பிவி தொற்றே காரணம். இத்தொடர்பை நிறுவிய ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எச்பிவி ஒரே வைரஸ் அன்று; 200-க்கும் மேற்பட்ட வகைகளைக் கொண்ட ஒரு குடும்பம். அவற்றுள் சில சாதாரண மருக்களை மட்டுமே உண்டாக்குகின்றன. புற்றுநோயை விளைவிக்கும் அபாயம் கொண்டவை ஒரு டஜனுக்குச் சற்று மேற்பட்டவையே. குறிப்பாக 16, 18 ஆகிய இரு வகைகள் மட்டும் இப்புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்குக் காரணமாகின்றன.

தொற்று ஏற்பட்ட அனைவருக்கும் புற்றுநோய் வருவதில்லை. பெரும்பாலான தொற்றுகளை உடலின் நோய் எதிர்ப்பாற்றலே ஓரிரு ஆண்டுகளில் அகற்றிவிடுகிறது. அகலாமல் நீடிக்கும் தொற்று, கர்ப்பப்பை வாய்ச் செல்களில் படிப்படியாக மாற்றங்களை உண்டாக்கி, வழக்கமாக 15 முதல் 20 ஆண்டுகளில் புற்றுநோயாக மாறுகிறது. எச்ஐவி பாதிப்புக்குச் சிகிச்சை பெறாத பெண்களிடம் இக்காலம் 5 முதல் 10 ஆண்டுகளாகக் குறையக்கூடும். புகைப்பழக்கமும் அபாயத்தை அதிகரிக்கிறது.

'யாரிடமிருந்து வந்தது?'

நோய் உறுதியான பெண்ணை மிகவும் வாட்டும் கேள்வி இதுவே. எச்பிவி முதன்மையாகப் பாலுறவுத் தொடர்பின் வழியே பரவுகிறது என்பதால், பல குடும்பங்களில் மருத்துவ அறிக்கை ஒழுக்கச் சான்றிதழாகத் தவறாக வாசிக்கப்படுகிறது. மனைவி மீது கணவரும், கணவர் மீது மனைவியும் ஐயம் கொள்ளும் நிலை உருவாகிறது.

அறிவியல் இவ்வையத்துக்கு இடமளிக்கவில்லை. பாலுறவு வாழ்வைத் தொடங்கிய ஆண், பெண் இருபாலரில் பெரும்பாலோருக்கும் வாழ்நாளில் ஒரு முறையேனும் எச்பிவி தொற்று ஏற்படுகிறது. வாழ்நாள் முழுவதும் ஒரே துணையுடன் வாழ்ந்த பெண்ணுக்கும் அது வரலாம். அறிகுறி ஏதுமின்றிப் பல ஆண்டுகள் உடலில் தங்கியிருக்கும் இத்தொற்று எப்போது, யாரிடமிருந்து வந்தது என்பதை எந்தப் பரிசோதனையாலும் கூற இயலாது.

மேலும், புற்றுநோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதில்லை. நோயுற்ற பெண்ணுக்குத் தனித் தட்டு, தனிப் படுக்கை ஒதுக்குவதும், குழந்தைகளை அவரிடமிருந்து விலக்கி வைப்பதும் தேவையற்றவை.

அலட்சியப்படுத்தக் கூடாத அறிகுறிகள்

தொடக்கத்தில் இந்நோய் பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. மாதவிடாய்க் காலங்களுக்கு இடையிலோ, உடலுறவுக்குப் பின்னரோ, மாதவிடாய் நின்ற பிறகோ ஏற்படும் இரத்தப்போக்கு, துர்நாற்றத்துடன் கூடிய வெள்ளைப்படுதல், இடுப்பிலோ அடிமுதுகிலோ நீடிக்கும் வலி ஆகியவை இருப்பின் உடனே மருத்துவரை அணுக வேண்டும். மாதவிடாய் நின்று ஆண்டுகள் கடந்த பின் தோன்றும் இரத்தக்கசிவை "சூட்டினால் வந்தது" என்று ஒதுக்கிவிடுவது ஆபத்தானது.

நோய் உறுதியானதும் செய்ய வேண்டியவை

எச்பிவி பரிசோதனையிலோ பாப் பரிசோதனையிலோ பாதகமான முடிவு வந்தால் அது புற்றுநோய் என்று பொருளாகாது. சந்தேகத்துக்குரிய இடத்திலிருந்து சிறிதளவு சதையை எடுத்துச் சோதிக்கும் திசுப் பரிசோதனையே நோயை உறுதிப்படுத்தும். அதன் பின்னர் உடற்பரிசோதனை, ஸ்கேன் ஆகியவற்றின் வாயிலாக நோய் எந்த நிலையில் உள்ளது என்பது முடிவு செய்யப்படுகிறது.

முதல் நிலையில் புற்றுநோய் கர்ப்பப்பை வாய்க்குள்ளேயே அடங்கியிருக்கும்; நான்காம் நிலையில் சிறுநீர்ப்பை, மலக்குடல் அல்லது தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவியிருக்கும். நோயின் நிலை என்ன, குணப்படுத்துவது சிகிச்சையின் நோக்கமா அல்லது கட்டுப்படுத்துவதா, எத்தனை வாரங்கள் ஆகும், தாய்மைக்கான வாய்ப்பைக் காக்க இயலுமா ஆகிய நான்கு கேள்விகளை நோயாளி மருத்துவரிடம் நேரடியாகக் கேட்கலாம். விடையை நோயாளியிடம் கூறாமல் உறவினரிடம் மட்டும் கூறும் வழக்கம், தம் உடல் குறித்து முடிவெடுக்கும் உரிமையை அவரிடமிருந்து பறிக்கிறது.

புற்றுநோய்க்கு முந்தைய செல் மாற்றங்கள் எனில், அப்பகுதியை உறையவைத்தோ, வெப்பத்தால் சுட்டோ, சிறிதளவு வெட்டியெடுத்தோ அகற்றலாம். தொடக்க நிலைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை பலனளிக்கும். குழந்தை பெற விரும்பும் பெண்களில் தகுதியுள்ள சிலருக்குக் கர்ப்பப்பையைக் காத்து, அதன் வாய்ப்பகுதியை மட்டும் அகற்றவும் வழியுண்டு.

எட்டு வாரக் கணக்கு

சற்றே முற்றிய நிலையில் கதிர்வீச்சும், வாரந்தோறும் சிஸ்பிளாட்டின் மருந்தும் இணைத்து அளிக்கப்படுகின்றன. ஏறத்தாழ ஐந்து வாரங்கள் வெளியிலிருந்து கதிர்வீச்சு செலுத்தப்படும். அதனைத் தொடர்ந்து, கதிரியக்கப் பொருளைக் கட்டிக்கு அருகிலேயே வைத்து அளிக்கும் பிராக்கிதெரபி என்னும் உட்கதிர் சிகிச்சை நடைபெறும்.

இவை அனைத்தும் ஏறத்தாழ எட்டு வாரங்களுக்குள் முடிவது இன்றியமையாதது. இடைவெளி நீண்டால் பலன் குறையும். வெளிக்கதிர் சிகிச்சை முடிந்ததும் இரத்தப்போக்கு நின்று உடல் தேறியதுபோல் தோன்றுவதால், சிலர் உட்கதிர் சிகிச்சைக்கு வராமல் ஊர் திரும்பிவிடுகின்றனர். அறுவடை, திருவிழா, பிள்ளைகளின் தேர்வு என எக்காரணத்துக்காகவும் இதனை இடையில் நிறுத்தலாகாது.

சிகிச்சைக்குப் பிந்தைய வாழ்வு

வயிற்றுப்போக்கு, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், களைப்பு ஆகியவை சிகிச்சைக் காலத்தில் பொதுவானவை. கதிர்வீச்சினால் சூலகங்கள் செயலிழந்து, இளம் வயதிலேயே மாதவிடாய் நிற்கக்கூடும். உடல் வெப்பமேறுதல், உறக்கமின்மை, எலும்புத் தேய்மானம் ஆகியவை அதனைத் தொடரலாம். இவற்றுக்கு மருந்து உண்டு. பொறுத்துக்கொண்டே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பிறப்புறுப்புக் குழாய் சுருங்கி வறண்டு போவது, பெண்கள் வெளியில் சொல்லத் தயங்கும் பாதிப்பு. அதனைத் தடுக்க டைலேட்டர் என்னும் விரிவாக்கும் கருவியும், வறட்சியைப் போக்கும் களிம்புகளும் பரிந்துரைக்கப்படுகின்றன. உடல் ஆறிய பின், மருத்துவரின் ஆலோசனையுடன் தாம்பத்திய வாழ்வைத் தொடரலாம். அதனால் புற்றுநோய் கணவருக்குப் பரவாது, மீண்டும் வளரவும் செய்யாது. கால்களில் வீக்கம் தோன்றினால் அதையும் தெரிவிக்க வேண்டும்.

முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும், ஐந்தாம் ஆண்டு வரை ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் பரிசோதனைக்குச் செல்வது வழக்கம். முற்றிய நிலையில் உள்ளோருக்கும் வலி தணிப்புச் சிகிச்சை வாழ்நாளை வேதனையற்றதாக்க உதவும். அது கைவிடப்பட்டதன் அடையாளம் அன்று.

தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை மருத்துவமனைச் சிகிச்சை கிடைக்கிறது. சிகிச்சைக்காகப் பயணிக்கும் புற்றுநோயாளிகளுக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் ரயில்வே கட்டணச் சலுகை அளிக்கிறது. மனச்சோர்வு மிகும்போது 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

இந்தியா உலகுக்கு அளித்த சான்றுகள்

முன்கூட்டிய பரிசோதனை உயிர் காக்கும் என்பதற்கான வலுவான சான்றுகளில் சில இந்தியக் கிராமங்களிலிருந்தே கிடைத்தன. தற்போது தாராசிவ் என்று அழைக்கப்படும் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில், 30 முதல் 59 வயதுக்குட்பட்ட 1.31 லட்சம் பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2009-இல் வெளியானது. ஒரே ஒரு முறை எச்பிவி பரிசோதனை அளிக்கப்பட்ட குழுவில் இந்நோயால் 34 பேர் இறந்தனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற குழுவில் 64 பேர் இறந்தனர்.

நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி வெறுங்கண்ணால் பார்க்கும் எளிய பரிசோதனை, திண்டுக்கல் மாவட்ட ஆய்வில் இறப்பை 35 சதவீதமும், மும்பை குடிசைப் பகுதிகளில் டாடா நினைவு மருத்துவமனை நடத்திய ஆய்வில் 31 சதவீதமும் குறைத்தது. மும்பையில் இதனைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களே.

ஆயினும், 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் இப்பரிசோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டோர் 1.9 சதவீதத்தினர் மட்டுமே.

தடுப்பூசியின் கதையும் இதே போன்றது. 2009-இல் இந்தியாவில் தொடங்கிய தடுப்பூசித் தவணைகள் குறித்த ஆய்வு, 2010 ஏப்ரலில் இடைநிறுத்தப்பட்டது. ஆந்திரத்திலும் குஜராத்திலும் நடந்த வேறொரு தடுப்பூசித் திட்டத்தில் சிறுமிகள் சிலர் இறந்ததே இதற்குக் காரணம். அவ்விறப்புகளுக்குத் தடுப்பூசியுடன் தொடர்பில்லை என்று விசாரணையில் தெரியவந்தபோதிலும், ஒப்புதல் பெற்ற முறையில் குறைபாடுகள் இருந்தது சுட்டிக்காட்டப்பட்டது.

ஆய்வு நின்றதால் ஏறத்தாழ 5 ஆயிரம் சிறுமியர் ஒரே தவணையுடன் நின்றுவிட்டனர். பத்தாண்டுகள் கண்காணித்தபோது, 16, 18 வகைகளின் நீடித்த தொற்றுக்கு எதிராக அந்த ஒரு தவணையே 95 சதவீதப் பாதுகாப்பு அளித்தது 2021-இல் தெரியவந்தது. 9 முதல் 20 வயது வரையிலானோருக்கு ஒரு தவணை அல்லது இரு தவணைகள் போதும் என 2022-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததற்கு இத்தகைய சான்றுகள் துணைநின்றன. அதே ஆண்டில் சீரம் நிறுவனத்தின் 'செர்வாவாக்' உள்நாட்டுத் தடுப்பூசிக்கு ஒப்புதல் கிடைத்தது.

மகளிருக்கு என்ன செய்யலாம்?

தடுப்பூசி ஏற்கெனவே உள்ள தொற்றையோ புற்றுநோயையோ குணப்படுத்தாது. தொற்று நேரும் முன் செலுத்துவதே முழுப்பயன் தரும். எனவே 9 முதல் 14 வயது சிறந்த பருவமாகக் கருதப்படுகிறது. தடுப்பூசி செலுத்திக்கொண்டவர்களும் உரிய வயதில் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்கள் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் மையங்களில் இதற்கான வழிவகை செய்யப்பட்டுள்ளது.

2030-ஆம் ஆண்டுக்குள் 15 வயதுக்குட்பட்ட சிறுமியரில் 90 சதவீதத்தினருக்குத் தடுப்பூசி, 35 மற்றும் 45 வயதில் 70 சதவீதப் பெண்களுக்குப் பரிசோதனை, பாதிப்பு கண்டறியப்பட்டோரில் 90 சதவீதத்தினருக்குச் சிகிச்சை என உலக சுகாதார நிறுவனம் இலக்கு நிர்ணயித்துள்ளது. பரிசோதனை இலக்கை எட்ட இந்தியா கடக்க வேண்டிய தொலைவு மிக அதிகம்.