சட்ட மாணவர்களைப் பணிக்கு அழைப்போர் கவனத்துக்கு

சட்டம் பயின்று வெளிவரும் இளைஞர் பலருக்கு முதல் பணி அறிமுகத்தின் வழியாகவே அமைகிறது. உறவினர் ஒருவர் வழக்குரைஞராக இருந்தால் இடம் கிடைக்கும். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு அந்த வழியில்லை. இழப்பு அவருக்கு மட்டுமன்று, அவரைக் காணாமலே போகும் நிறுவனத்துக்கும்தான். இந்த இடைவெளியை நிரப்பக்கூடியது சட்டக் கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவு. அதனை நாடும் நிறுவனங்கள் கருத வேண்டியவை நான்கு.

முதலாவது, பணியின் தன்மை. முழுநேர ஊதியப் பணியில் இருப்பவர் பொதுவாக வழக்குரைஞராகத் தொழில் செய்ய இயலாது என்கிறது இந்திய பார் கவுன்சிலின் 49-ஆவது விதி. ஆகவே, நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்கான பணியா, வழக்குரைஞர் அலுவலகத்தில் இளநிலை வழக்குரைஞர் பணியா என்பதைக் கல்லூரிக்கு அனுப்பும் அறிவிப்பிலேயே தெளிவுபடுத்த வேண்டும்.

இரண்டாவது, பயிற்சி. 2008-ஆம் ஆண்டின் சட்டக் கல்வி விதிகளின்படி ஐந்தாண்டுப் படிப்பில் குறைந்தது 20 வாரங்களும், மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரங்களும் மாணவர்கள் பயிற்சி பெற வேண்டும். ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக 4 வாரங்களுக்கு மேல் கூடாது. அரை மணி நேர நேர்காணலில் புலப்படாத உழைப்பும் நேர்மையும் 4 வாரங்களில் புலப்பட்டுவிடும். இறுதியாண்டு வரை காத்திராமல், விடுமுறைப் பயிற்சிக்கு மாணவர்களை அனுப்புமாறு கல்லூரியைக் கேட்பதே சிறந்த தொடக்கம்.

மூன்றாவது, ஊதியம். இளநிலை வழக்குரைஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் ரூ.20,000, பிற பகுதிகளில் ரூ.15,000 குறைந்தபட்ச உதவித்தொகையாக வழங்கப்பட வேண்டும் என 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம் அறிவுறுத்தியது. தொகையைக் குறிப்பிடாத அறிவிப்பைக் கண்டு முதலில் விலகுபவர், நகரில் அறை வாடகைக்கே வழியில்லாத மாணவர்தான்.

நான்காவது, அவகாசம். பொருளியல் பயிற்றுவித்தவன் என்ற முறையில் இதனை அழுத்தமாகக் கூறுவேன். 2012-இல் நோபல் பரிசு பெற்ற ஆல்வின் ராத், அமெரிக்க நீதிபதிகள் தங்கள் சட்ட உதவியாளர்களைத் தேர்வு செய்யும் முறையை ஆராய்ந்தவர். பிறருக்கு முந்திக்கொள்ள ஒவ்வொருவரும் தேர்வை முன்கூட்டியே நடத்தினர். உடனே பதில் கேட்டனர். விளைவு, மாணவரின் திறனை அறியும் முன்பே முடிவெடுக்க நேர்ந்தது. கல்லூரி ஒரு பொது நாளை வகுத்து, பதிலளிக்கச் சில நாள்களேனும் அளிக்கச் செய்தால் இரு தரப்பும் பயன்பெறும்.

பெரும் நிறுவனங்கள் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களைத் தாமே தேடிச் செல்கின்றன. திருநெல்வேலி, வேலூர், தருமபுரி அரசு சட்டக் கல்லூரிகளின் மாணவர்களும் அதே பார் கவுன்சிலில்தான் பதிவு செய்கின்றனர். தமிழில் சாட்சியை விசாரிக்கவும், வருவாய் ஆவணங்களைப் படித்தறியவும் வல்லவர் தேவையெனில் அங்கும் செல்லலாம். வேலைவாய்ப்புப் பிரிவு இயங்காத கல்லூரியாயின், முதல்வருக்கு எழுதும் ஒரு கடிதமே போதும். அத்தகைய கடிதங்கள் தொடர்ந்து வந்தால் அந்தப் பிரிவும் இயங்கத் தொடங்கும்.