குழவியின் செவியும் தாய்மொழியும்

ஏழு வயதில் பள்ளிக்கு வரும் பிள்ளையின் நாவைத் திருத்துவதில் நாம் பெரிதும் உழைக்கிறோம். நாவிற்கு வழிகாட்டி செவியன்றோ? அச்செவி எப்பொழுது பண்படுகிறது என்பதை அறிஞர்கள் கண்டறிந்த வரலாற்றை ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நன்று.

செருமானிய அறிஞர் வில்கெல்ம் பிரேயர், தம் மகனை நாள்தோறும் கூர்ந்து நோக்கிக் குழந்தையின் உளவளர்ச்சி பற்றி 1882-இல் ஒரு நூல் வெளியிட்டார். பிறந்தவுடன் எல்லாக் குழவிகளும் செவிடே என்பது அவர் கருத்து.

பேசவறியாக் குழவி எதைக் கேட்கிறது என எவ்வாறு அறிவது? 1971-இல் அமெரிக்காவில் பீட்டர் ஐமாஸும் அவர்தம் குழுவினரும் இதற்கு ஒரு வழி கண்டனர். குழவியின் வாயில் ரப்பர்க் காம்பு ஒன்றை வைத்தனர். ஒரே ஒலி திரும்பத் திரும்பக் கேட்டால் குழவி சலிப்புற்றுச் சூப்புதலைக் குறைக்கும். புதிய ஒலி எழுந்தால் விரைந்து சூப்பும். ‘பல்’ என்பதன் பகரத்திற்கும் ‘பஸ்’ என்பதன் பகரத்திற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு மாதக் குழவியும் உணர்ந்தது!

1980-இல் டிகாஸ்பர், பைஃபர் என்னும் இருவர், பிறந்து மூன்று நாளும் நிரம்பாத குழவிகள் பிற பெண்ணின் குரலைவிடத் தாயின் குரலையே விரும்பிக் கேட்பதைக் காட்டினர். கருவறையிலேயே கேட்டல் தொடங்கிவிடுகிறது என்பது இன்று தெளிவு. பிரேயரின் கருத்து வீழ்ந்தது.

நமக்கு மிக நெருங்கிய ஆய்வு 1984-இல் வெளிவந்தது. கனடாவில் ஜானட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் இந்தி மொழியின் டகர தகர ஒலிகளை ஆங்கிலக் குடும்பத்துக் குழவிகட்கு ஒலித்துக் காட்டினர். ‘பட்டு’, ‘பத்து’ என்னும் சொற்களில் நாம் கேட்கும் வேறுபாடு இதுவே. ஆறு முதல் எட்டு மாதக் குழவிகளுள் பெரும்பாலானவை அதனை உணர்ந்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழவிகளுள் மிகச் சிலவே உணர்ந்தன. இந்தி கேட்டு வளர்ந்த குழவிகளோ அத்திறனை இழக்கவில்லை. எல்லா மொழிக்கும் திறந்திருந்த செவி, ஓராண்டிற்குள் வீட்டு மொழிக்கெனப் பண்பட்டுவிடுகிறது.

இசையிலும் இவ்வாறே. எரின் ஹானன், சாண்ட்ரா டிரிஹப் ஆகியோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வுகளில், அயல்நாட்டுத் தாளத்தின் பிழையை ஆறு மாதக் குழவிகள் கண்டுகொண்டன. ஓராண்டுக் குழவிகள் தவறவிட்டன. இரு வாரம் அவ்விசையைக் கேட்டபின் இவையும் உணர்ந்தன. பெரியோர்க்கு அஃது எளிதில் வாய்க்கவில்லை.

பேச்சொலிக்கு வானொலி, தொலைக்காட்சி போதாவோ? 2003-இல் பாட்ரிசியா கூல் குழுவினர் வெளியிட்ட ஆய்வு விடை தந்தது. ஒன்பது மாத அமெரிக்கக் குழவிகள், எதிரே அமர்ந்து சீனம் பேசியவரிடமிருந்து பன்னிரண்டே அமர்வுகளில் சீன ஒலி வேறுபாட்டைக் கற்றன. அதே பேச்சைத் திரையிலும் ஒலிப்பதிவிலும் கேட்டவை கற்கவில்லை.

நான் வளர்ந்த தோட்டத்தில், பால்வெட்டச் சென்ற தாய்மார் குழவிகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வர். ஆயாவின் கொஞ்சலும் தாலாட்டுமே அங்கே ஓயாத ஒலி. இன்று பல வீடுகளில் கைப்பேசித் திரையே ஆயாவாக இருக்கிறது.

வளர்ந்தபின்னும் பயிற்சியால் அயலொலிகளை ஓரளவு கற்கலாம். ஆயின் உழைப்பு மிகுதி. முதலாம் ஆண்டிற்குப் பிள்ளையைப் பதிய வரும் தாயின் இடுப்பில் சில வேளை ஒரு கைக்குழந்தையும் இருக்கும். ‘அம்மா, இதனோடு நாள்தோறும் முகம்பார்த்துத் தமிழ் பேசுங்கள்’ என்று அன்றே சொல்லிவிடுவோம். நம் பணி அங்கிருந்தே தொடங்கட்டும்.